வேலை செய்யாத பார்ட்னரும் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' கோஷ்டியும்

கம்பெனி ஆரம்பிப்பது எப்படி என்று சொல்லித்தர இன்றைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஐடியா பிடிப்பது, முதலீட்டாளரைப் பிடிப்பது, முதல் கஸ்டமரைப் பிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் வகுப்பு நடக்கிறது. ஆனால், கூட ஆரம்பித்தவன் வேலையே செய்யவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டுப்பாருங்கள். வீட்டிலும் சரி, நண்பர் வட்டத்திலும் சரி, ஒரே பாட்டுதான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா. ஃப்ரெண்டுதானே. போகப் போக சரியாயிடும்."

சரியாகாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் ஆணி பிடுங்குகிறவன். நாக்பூர், சூரத் என்று சுற்றிவிட்டு இப்போது புனே. இதில் பாதி வருஷங்கள் சின்னத் தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் மேஜையில் கழிந்தன. கடன் கேட்டு வரும்போது பார்ட்னர்கள் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வருவார்கள். கணக்கு கெட்ட பிறகு தனித்தனியாக வருவார்கள். மார்க்கெட் விழுந்து மூடிய தொழிலைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். நன்றாக ஓட வேண்டிய தொழில், ஒருத்தன் இழுக்க இன்னொருத்தன் வேடிக்கை பார்த்ததால் படுத்தது என்றால் வயிறு எரியும்.

வெளியூர்த் தமிழனின் தனி வியாதி

இது எல்லா ஊரிலும் எல்லா மொழிக்காரர்களிடமும் உண்டு. ஆனால் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களிடம் கொஞ்சம் கூடுதல். காரணம் எளிது. இங்கே அபார்ட்மெண்ட் லிஃப்டில் யாராவது "அம்மா, பால் வாங்கியாச்சா" என்று போனில் பேசினால் போதும், நமக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவார். அடுத்த பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவார். அதற்கடுத்த பொங்கலுக்குள் இரண்டு பையன்களும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்துவிடுவார்கள். "நம்ம ஊர்ப் பையன்" என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

ஆரம்பிப்பது சுலபம். பிரச்சினை வந்தால் பேசுவதுதான் கஷ்டம். இரண்டு வீட்டுப் பெண்களும் தோழிகள், குழந்தைகள் ஒரே பள்ளி வேனில் போகிறார்கள், தமிழ்ச் சங்க விழாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இந்த ஊரில் நமக்கு இருப்பதே நாலு வீடு. அதில் ஒன்றை எப்படி இழப்பது? அதனால் உழைக்கிறவன் வாயை மூடிக்கொள்கிறான். மனதுக்குள் ஒரு நோட்டு போட்டு எழுதிக்கொண்டே போகிறான். இன்றைக்கு அவன் வரவில்லை, நேற்று போன் எடுக்கவில்லை, போன வாரம் டெமோவுக்குத் தாமதம்...

அந்த நோட்டைத்தான் நம்மாட்கள் பொறுமை என்று தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சொல்லாத குற்றச்சாட்டுகளின் பட்டியல். எதிராளிக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. தெரியும் நாளில் மொத்தமாக வெடிக்கும். நட்பைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னவர்களில் நட்பைக் காப்பாற்றிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

"ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்ன எழுத்து?"

இது அடுத்த வசனம். நட்புக்குள் காகிதம் போடுவது நம் பண்பாடு இல்லையாம்!

யார் சொன்னது? நம் தாத்தாக்கள் சொந்த அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியவர்கள். வரப்பு வரைக்கும் அளந்து, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்று எழுதி, நாலு பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிப் பதிவு செய்தார்கள். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று பழமொழி சொன்னவர்களும் அவர்களேதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குப் பத்திரம் வேண்டும், லிஃப்டில் சந்தித்தவனுக்கு வேண்டாமா?

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். எழுதாத இடத்தைச் சட்டம் தானே நிரப்பும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 13. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், லாபமும் நஷ்டமும் பார்ட்னர்களுக்குச் சமம். தொழிலைக் கவனித்ததற்காக எந்தப் பார்ட்னருக்கும் சம்பளம் கிடையாது. அதாவது ராத்திரி பகலாக உழைத்தவனுக்குக் கூலி இல்லை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தவனுக்குப் பாதி லாபம். சட்டத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் அது முதலிலேயே சொல்கிறது.

சரி, வெளியே அனுப்பிவிடலாம் என்றால்? பிரிவு 33. ஒப்பந்தத்தில் அந்த அதிகாரம் இருந்தால்தான், அதுவும் நல்லெண்ணத்தோடுதான், பெரும்பான்மைப் பார்ட்னர்கள் ஒருவரை விலக்க முடியும். இரண்டே பேர் இருக்கும் ஃபர்மில் பெரும்பான்மை என்ற பேச்சே இல்லை. காலவரை குறிக்காத ஃபர்மாக இருந்தால் நோட்டீஸ் கொடுத்து மொத்தமாகக் கலைக்கலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

"நாங்க எல்.எல்.பி. சார்" என்பார்கள். 2008-ஆம் வருஷத்து எல்.எல்.பி. சட்டத்தின் முதல் அட்டவணையிலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் இதே கதைதான். சமப் பங்கு, சம்பளம் இல்லை, வெளிப்படையான ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் விலக்க முடியாது.

"நாங்க பிரைவேட் லிமிடெட் சார்" என்பார்கள். ரொம்ப சந்தோஷம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 169-ன் கீழ் ஒரு டைரக்டரைச் சாதாரணத் தீர்மானத்தால் நீக்கலாம். அதற்கு ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். 50-50 என்று பிரித்துவைத்தால் எங்கிருந்து அதிகம் வரும்? அப்படியே நீக்கினாலும் போவது டைரக்டர் பதவிதான். பங்கு அவரிடமே இருக்கும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு பாதிக் கம்பெனிக்குச் சொந்தக்காரராக இருப்பார்.

50-50 என்பதில் நியாயம் எங்கே?

இரண்டு பேர் ஆரம்பிக்கிறார்கள். ஒருத்தன் மாதம் 80,000 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறான். இன்னொருத்தன் "அப்ரைசல் முடியட்டும் மச்சி, வந்துடறேன்" என்று வேலையிலேயே இருக்கிறான். இரண்டு வருஷம் ஓடுகிறது. முதல் ஆள் விட்ட சம்பளம் மட்டும் 19,20,000 ரூபாய். கம்பெனி தோற்றால் அது போயே போச்சு. இரண்டாவது ஆளுக்குச் சம்பளப் பணத்தில் ஒரு பைசா நஷ்டமில்லை. ஜெயித்தால் இருவருக்கும் பாதிப் பாதி. இதில் எங்கே சமம் இருக்கிறது? ஒருத்தன் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்து இன்னொருத்தனுக்கு இலவச லாட்டரி டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெஸ்டிங் என்று பெயர். பங்கை முதல் நாளே மொத்தமாகக் கையில் கொடுக்காமல், உழைக்க உழைக்கச் சொந்தமாக்குவது. வழக்கமாக நாலு வருஷம். முதல் வருஷம் முடியும் முன் போனால் ஒன்றும் இல்லை. 50 சதவீதம் பேசியவன் பதினெட்டு மாதத்தில் விலகினால் 48-ல் 18 பங்கு, அதாவது 18.75 சதவீதம் அவனுடையது. மீதி கம்பெனியில் உழைக்கிறவர்களுக்குத் திரும்பும். உழைத்ததற்கு உண்டு, உழைக்காததற்கு இல்லை. இதில் நட்புக்கு என்ன கெடுதல் வந்தது?

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பார்ட்னர்ஷிப் கணக்கில் கேபிடல் அக்கவுண்ட் தனி, கரண்ட் அக்கவுண்ட் தனி என்று போடச் சொல்வார்கள். போட்ட பணம் ஒரு பக்கம், நடப்புக் கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம். உழைப்புக்கும் இதே பிரிவினை வேண்டும். பார்ட்னர் அஞ்சு லட்சம் போட்டிருந்தால் அந்த அஞ்சு லட்சத்துக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள். அதைக் காட்டி உழைக்காத வருஷங்களுக்கும் பங்கு கேட்க விடாதீர்கள்.

மேஜைக்கு இந்தப் பக்கம்

ஒரு கேஸ் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் தரமாட்டேன். இரண்டு தமிழ்ப் பையன்கள், ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்தார்கள். பதிவு செய்த பார்ட்னர்ஷிப் ஃபர்ம், 50-50. ஓவர்டிராஃப்ட் 15 லட்சம். அதற்கு ஈடாக ஒரு பையனின் அப்பா ஊரிலிருந்து வந்து, ரிட்டயர்மெண்ட் பணத்தில் போட்ட எஃப்.டி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையன்தான் முழு நேரம் உழைத்தவன். இன்னொருவன் பதினாலு மாதமாக 'அடுத்த மாதம் வேலையை விடுகிறேன்' பார்ட்டி.

பதினாலு மாதமும் உழைத்தவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, பதினாலு மாதத்துக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பினான். மறுநாள் காலை பத்தரைக்கு இன்னொருவன் வங்கிக்கு வந்து, 'பார்ட்னர்களுக்குள் தகராறு, கணக்கை நிறுத்தி வையுங்கள்' என்று கடிதம் கொடுத்தான்.

இது பலருக்குத் தெரியாது. பார்ட்னர்ஷிப் கணக்கில் எந்த ஒரு பார்ட்னர் தகராறு என்று எழுதிக் கொடுத்தாலும் வங்கி கணக்கை நிறுத்திவிடும். திரும்ப ஓட வைக்க எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு ஆறு பேருக்குச் சம்பளம் போக வேண்டிய நாள். போகவில்லை. லேப்களுக்குச் செய்தி போனது, இரண்டு பெரிய கஸ்டமர் கழன்றுகொண்டார்கள். வட்டி நின்றது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அது விதி. கடைசியில் அப்பாவின் எஃப்.டி.யை உடைத்துக் கடனில் வரவு வைத்தது வங்கி. வேறு வழியில்லை. பிரிவு 25-ன்படி ஃபர்மின் கடனுக்கு எல்லாப் பார்ட்னரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. யார் உழைத்தார், யார் தூங்கினார் என்று வங்கி கேட்காது.

அந்தப் பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவ்வளவு நாள் ரெண்டு பேரும் இதப் பத்தி பேசிக்கவே இல்லையா சார்?"

பேசிக்கவே இல்லை. அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார்கள்.

'தூக்கிப் போடு' கோஷ்டி

இதைப் படித்துவிட்டு "அப்படின்னா முதல் மாசமே தூக்கிடணும்" என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் வேலைக்காகாது.

உலகமறிந்த உதாரணம் ஃபேஸ்புக். எட்வர்டோ சாவரின் அதில் முதல் பணம் போட்டவர்களில் ஒருவர், இணை நிறுவனர். 2004 கோடையில் மற்றவர்கள் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து வேலை செய்தபோது அவர் நியூயார்க்கில் இருந்தார். மனக்கசப்பு வந்தது. கம்பெனியின் வங்கிக் கணக்கை முடக்கினார் (எந்த நாட்டிலும் அதே ஆயுதம்தான் பாருங்கள்). பதிலுக்குப் புதுப் பங்குகளை வெளியிட்டு அவருடைய பங்கைப் பத்து சதவீதத்துக்கும் கீழே கரைத்தார்கள். இரண்டு பக்கமும் வழக்கு. கடைசியில் சமரசம், இணை நிறுவனர் என்ற பெயரையும் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் கொட்டிய கம்பெனி என்பதால் தாங்கியது. நம் பிள்ளைகளின் 15 லட்ச ரூபாய் ஓவர்டிராஃப்ட் தாங்குமா?

நேர்மாறாக ஆப்பிள். 1976-ல் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்தார்கள். ரொனால்டு வெய்னுக்குப் பத்து சதவீதம். கடன் வந்தால் தன் சொத்து போய்விடும் என்று பயந்து பன்னிரண்டே நாளில் விலகினார். 800 டாலர் வாங்கிக்கொண்டார், பின்னால் இன்னும் 1,500. பிற்காலத்து மதிப்பைச் சொல்லி அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அதில் பார்ப்பது வேறு. இது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்த ஆள், தெரிந்த உடனே சொல்லி, எழுதி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார். மற்ற இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

அப்போ என்னதான் செய்வது?

1. முதலில் ஏன் என்று கண்டுபிடியுங்கள். செய்ய முடியாதவன் வேறு, செய்யத் தெரியாதவன் வேறு, செய்ய மனமில்லாதவன் வேறு. வீட்டில் உடம்பு சரியில்லை, கைக்குழந்தை என்றால் மூன்று மாதம் விடுப்பு கொடுங்கள், அதையும் எழுதிக் கொடுங்கள். விற்கத் தெரியாதவனை விற்பனையில் போட்டிருந்தால் வேலையை மாற்றுங்கள். மூன்றாவது வகைக்குத்தான் மீதி மருந்து.

2. நேரில் சொல்லுங்கள். வாட்ஸப்பில் இல்லை, ராத்திரி இரண்டு மணி மெயிலில் இல்லை, பிறந்தநாள் பார்ட்டியில் இல்லை. பகலில், ஆபீஸில், வீட்டு ஆட்கள் இல்லாமல். "நீ சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "மார்ச்சுக்குள் பத்து லேப் சேர்ப்பதாகச் சொன்னாய், இரண்டு சேர்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அப்படி எண்ணிக்கையே பேசியிருக்கவில்லை என்றால் தப்பு அவனுடையது மட்டும் இல்லை.

3. தொண்ணூறு நாள் கொடுங்கள். மூன்றே வேலை, தேதியோடு, இருவர் கையெழுத்தோடு. நீங்கள் செய்ய வேண்டிய மூன்றும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.

4. நடக்கவில்லை என்றால் பிரியுங்கள். போட்ட பணம் எவ்வளவு, உழைத்துச் சம்பாதித்த பங்கு எவ்வளவு, அதன் விலையை எந்த ஆடிட்டர் சொல்வார், எத்தனை தவணையில் கொடுப்பது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

5. பிரிந்ததை ஊருக்குச் சொல்லுங்கள். ஃபர்மாக இருந்தால் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை விலகியவருக்கும் பொறுப்பு ஓயாது. கம்பெனியாக இருந்தால் முப்பது நாளுக்குள் டி.ஐ.ஆர்.-12 படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

6. அதே வாரம் வங்கிக்கு வாருங்கள். டைரக்டர் பதவியை ராஜினாமா செய்தால் வங்கிக்குக் கொடுத்த ஜாமீன் தானாகப் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். விலகி மூன்று வருஷம் கழித்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது, பழைய கம்பெனியின் பாக்கி சிபிலில் வந்து நிற்கும். பார்ட்னர் விலகினால் பழைய ஓவர்டிராஃப்ட் கணக்கை நிறுத்திவிட்டுப் புதுக் கணக்கு திறப்பதும் இதனால்தான். 1816-ல் இங்கிலாந்தில் வந்த கிளேட்டன் வழக்குத் தீர்ப்பை வங்கிப் பரீட்சை எழுதிய எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே கணக்கு ஓடினால், புதிதாக வரும் பணம் பழைய கடனைத்தான் முதலில் அடைக்கும், விலகியவரின் பொறுப்பும் அதோடு கரைந்துபோகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கடைசியாக, இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கும் தங்கமணிகளுக்கும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று முதலில் சொல்வது நீங்கள்தான். கடைசியில் நகையைக் கொண்டுவந்து வைப்பதும் நீங்கள்தான். ஆகவே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு பேரும் எந்தத் தேதியில் வேலையை விடுகிறீர்கள்? ஒருத்தர் உழைக்காவிட்டால் பங்கு என்ன ஆகும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? ஒருத்தர் விலகினால் என் நகைக்கும் என் எஃப்.டி.க்கும் யார் பதில் சொல்வது? பதில் இல்லை என்றால், எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்புங்கள். அந்தக் காகிதத்தை எழுத உட்காரும்போதே முகம் சுளிக்கிறவன், உழைக்க வேண்டிய நாளில் என்ன செய்வான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லாமல்.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து, என் வங்கியின் கருத்து அல்ல. ஒப்பந்தம் எழுதும்போது நல்ல ஆடிட்டரையும் வக்கீலையும் பாருங்கள். "என் பார்ட்னர் தங்கம்" என்று பின்னூட்டம் போட இருப்பவர்களுக்கு வாழ்த்துகள். தங்கத்தையும் நாங்கள் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கடன் கொடுக்கிறோம்.